புதிய மின்சார எஸ்யூவி: 45 யூனிட்டா, 60 யூனிட்டா, வாடகை பேட்டரியா? எது கட்டுப்படியாகும்?

நெடுவழி கேட்டது:

வணக்கம் நண்பர்களே. புதிதாக வந்திருக்கும் நடுத்தர மின்சார எஸ்யூவி ஒன்றில் எந்த வேரியன்ட் என்று முடிவு செய்ய வேண்டும். கம்பெனி பெயரைப் போடவில்லை, போட்டால் திரி ரசிகர் சண்டையாகிவிடும். அதே வண்டி பெட்ரோலிலும் வருகிறது. வரி, பதிவு, முதல் ஆண்டுக் காப்பீடு எல்லாம் சேர்ந்த பெட்ரோல் மாடலின் விலையை 100 என்று வைத்தால், மற்றவை இப்படி:

45 யூனிட் (கிலோவாட்-மணி) பேட்டரி: 120
60 யூனிட் பேட்டரி: 136
45 யூனிட், பேட்டரி மட்டும் வாடகைக்கு: 90. மேற்கொண்டு கிலோமீட்டர் கணக்கில் மாத வாடகை. ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதம் 1,500 கி.மீ.க்குக் கட்ட வேண்டும்.

ஓட்டம் ஆண்டுக்கு 15,000 கி.மீ. அதில் 12,000 ஊருக்குள். மீதி, ஆண்டுக்கு ஆறு முறை போக வர 500 கி.மீ. நெடுஞ்சாலைப் பயணம். வீட்டில் சொந்த பார்க்கிங் உண்டு, சார்ஜருக்குத் தனி லைன் இன்னும் இழுக்கவில்லை. வங்கி 90 சதவீதம் கடன், 84 மாதம், 9 சதவீத வட்டி என்கிறது.

கேள்விகள்: பெட்ரோலை விடக் கூடுதலாகக் கொடுக்கும் 20 எத்தனை ஆண்டில் திரும்பும்? பெரிய பேட்டரிக்கு இன்னொரு 16 கொடுப்பது தகுமா? வாடகைத் திட்டத்தில் எங்கே இடிக்கும்? 84 மாதத் தவணை சரியா?

ஏற்கெனவே வாங்கியவர்களைக் கேட்டால் பாதிப் பேர் “ஓட்டச் செலவே இல்லை” என்கிறார்கள். மீதிப் பேர் “விலையைப் பார்த்து ஏமாந்தோம்” என்கிறார்கள். வண்டி ஒன்றுதான், கணக்கு எங்கே பிரிகிறது?

---

கணக்கன் பதில்:

எங்கே சார்ஜ் போடுகிறார்கள் என்பதில் பிரிகிறது. இரு தரப்பும் சொல்வது உண்மைதான்.

இங்கே ஆளுக்கொரு நாடு, ஆளுக்கொரு பணம். அதனால் எல்லாவற்றையும் பெட்ரோல் லிட்டராக மாற்றிக்கொள்வோம். உங்கள் பெட்ரோல் மாடலின் விலை 15,000 லிட்டர் பெட்ரோலின் விலை என்று வையுங்கள். அப்போது 45 யூனிட் வண்டி 18,000 லிட்டர், 60 யூனிட் வண்டி 20,400 லிட்டர். கூடுதல் முறையே 3,000, 5,400.

மின்சாரத்தையும் அதே அளவுகோலில் வையுங்கள். வீட்டு மின்சாரம் ஒரு யூனிட், ஒரு லிட்டர் விலையில் 8 சதவீதம். வெளியே ஃபாஸ்ட் சார்ஜர் 22 சதவீதம். உங்கள் ஊரில் இது வேறாக இருந்தால் அந்த எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள், முறை மாறாது.

ஊருக்குள் இந்த அளவு வண்டி 100 கி.மீ.க்குப் பேட்டரியிலிருந்து சுமார் 16 யூனிட் எடுக்கும். மீட்டரில் அதைவிடக் கூடும், ஏனென்றால் ஏற்றும்போது 10 முதல் 12 சதவீதம் வெப்பமாகப் போய்விடும். வண்டியின் திரையில் தெரியும் சராசரியை வைத்துக் கணக்குப் போடுபவர்கள் விட்டுவிடுவது இதைத்தான். 16-ஐ 0.88-ஆல் வகுத்தால் 18.2 யூனிட். அதில் 8 சதவீதம் 1.46 லிட்டர். பெட்ரோல் எஸ்யூவி ஊருக்குள் 8 லிட்டர் குடிக்கும். மிச்சம் 6.54 லிட்டர்.

நெடுஞ்சாலையில் நிலைமை தலைகீழ். பெட்ரோல் வண்டி அங்கே சிக்கனமாகி 6.5 லிட்டருக்கு வரும். மின்வண்டிக்கு வேகம் கூடக் கூடக் காற்றுத் தடை ஏறும், ஊருக்குள் பிரேக்கில் திரும்பக் கிடைத்த மின்சாரமும் இங்கே கிடைக்காது. 20 யூனிட் வைத்துக்கொள்ளுங்கள். ஃபாஸ்ட் சார்ஜரில் இழப்பு 6 சதவீதம் என்று வைத்தால் பில்லில் அது சுமார் 21.3 ஆகும், 22 சதவீத விலையில் 4.69 லிட்டர். மிச்சம் 1.81 லிட்டர்தான். வெளியே யூனிட் விலை லிட்டர் விலையில் 30 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் நெடுஞ்சாலையில் பெட்ரோலே மலிவு.

உங்கள் ஓட்டத்துக்கு: ஊருக்குள் 785 லிட்டர், வெளியே 54 லிட்டர், ஆண்டுக்கு ஏறத்தாழ 840 லிட்டர் மிச்சம். வீட்டில் நிறைத்துக்கொண்டு கிளம்பும் முதல் சுற்றை வீட்டு விலையில் போடவில்லை, போட்டால் இன்னும் கொஞ்சம் கூடும். 3,000 லிட்டர் திரும்ப மூன்றரை ஆண்டு. பெரிய பேட்டரியின் 5,400 திரும்ப ஆறரை ஆண்டு.

இதே ஆளுக்கு வீட்டில் சார்ஜ் வசதியே இல்லை, எல்லாமே 22 சதவீத விலையில் என்று வையுங்கள். ஊருக்குள் 100 கி.மீ.க்கு, அதே 6 சதவீத இழப்போடு 17 யூனிட், மிச்சம் 4.26 லிட்டராக இறங்கும், ஆண்டுக்கு மொத்தம் 565 லிட்டர். சிறிய பேட்டரிக்கு 5.3 ஆண்டு, பெரியதற்கு 9.6 ஆண்டு. பெரும்பாலான பேட்டரி உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏமாந்தோம் என்பவர்கள் பெரும்பாலும் இந்த வரிசையில் நிற்பவர்கள்.

பெரிய பேட்டரிக்கான 2,400 லிட்டரைத் தனியாகப் பார்த்தால், பணமாக அது திரும்பவே திரும்பாது. ஒவ்வொரு பயணத்திலும் 15 யூனிட் அதிகமாக வீட்டு விலையில் ஏற்றிக்கொண்டு போகலாம், அவ்வளவுதான் லாபம். பயணத்துக்கு 2.15 லிட்டர், ஆறு பயணத்துக்கு 13 லிட்டர். உங்கள் 250 கி.மீ. ஒருவழிப் பயணத்தில் 45 யூனிட் வண்டி 100-லிருந்து 10 சதவீதம் வரை 200 கி.மீ. வரும், பிறகு ஒரு நிறுத்தம், 15 முதல் 20 நிமிடம். 60 யூனிட் வண்டி 270 கி.மீ. நிற்காமல் வரும். ஆக 2,400 லிட்டர் கொடுத்து வாங்குவது ஆண்டுக்குப் பன்னிரண்டு டீக்கடை நிறுத்தத்திலிருந்து விடுதலை. 45 எடுங்கள்.

---

மூன்றாம்கியர் பதில்:

மேலே உள்ள கணக்கு சரி, ஆனால் முடிவுக்கு நிபந்தனைகள் உண்டு. “100-லிருந்து 10 வரை” என்பது புது வண்டிக்கு, நல்ல தட்பவெப்பத்தில், போய்ச் சேரும் இடத்தில் சார்ஜர் இருந்தால். மூன்றில் ஒன்று தவறினாலும் கணக்கு கவிழும்.

முதலில் கொள்ளளவு. விளம்பரத்தில் போடும் 45 மொத்தமா, பயன்படுத்தக்கூடியதா என்று கேளுங்கள். சிலர் மொத்தத்தைப் போடுவார்கள், அதில் சில சதவீதம் பேட்டரியின் ஆயுளுக்காகப் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். 43 கிடைத்தால் 200 என்பது 193. எட்டாவது ஆண்டில் கொள்ளளவு 15 சதவீதம் குறைந்திருந்தால் 165. உத்தரவாதம் 70 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் வாய் திறக்கும், 71 இருந்தால் உங்கள் பாடு. கடும் குளிர் ஊராக இருந்து, ஹீட் பம்ப் (குறைந்த மின்சாரத்தில் சூடாக்கும் கருவி) இல்லாத வேரியன்டாகவும் இருந்தால், உள்ளே சூடாக்க மட்டும் பல கிலோவாட் இழுக்கும். சிறிய பேட்டரியில் அந்த அடி நேராகத் தெரியும்.

இரண்டாவது, சார்ஜ் ஆகும் வேகம். ஒரே குடும்பத்து வண்டிகளில் சிறிய பேட்டரி பெரும்பாலும் குறைந்த கிலோவாட்டில்தான் ஏற்றும். கம்பெனி “உச்சம் 120 கிலோவாட்” என்று எழுதியிருந்தால் அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. அந்த உச்சம் சில நிமிடம்தான் நிற்கும். கேட்க வேண்டியது 10-லிருந்து 80 சதவீதத்துக்கு எத்தனை நிமிடம் என்பது. 60 யூனிட் பேட்டரியில் அது 30 நிமிடம் என்றால் 42 யூனிட் ஏறியிருக்கிறது, சராசரி 84 கிலோவாட். இரண்டு வேரியன்டுக்கும் இந்த சராசரியைத் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். பல சமயம் விலை வித்தியாசத்தின் பாதி இங்கேதான் ஒளிந்திருக்கும்.

மூன்றாவது, ரேஞ்ச் எண். எந்தச் சோதனை முறையில் எடுத்தது என்று பாருங்கள். சீனத்து சிஎல்டிசி மிகத் தாராளம், ஐரோப்பிய டபிள்யூஎல்டிபி நடுவில், அமெரிக்க இபிஏ நிஜத்துக்கு நெருக்கம். டபிள்யூஎல்டிபி எண்ணிலிருந்தே நெடுஞ்சாலைக்கு 20 முதல் 30 சதவீதம் கழித்துத்தான் பயணத் திட்டம் போட வேண்டும்.

ஒன்றில் நிபந்தனையே இல்லாமல் கணக்கன் பக்கம் நிற்கிறேன். “பெரிய பேட்டரி அதிக நாள் உழைக்கும்” என்று விற்பனையாளர் சொன்னால் அதற்காகப் பணம் கொடுக்க வேண்டாம். 15,000 கி.மீ.க்கு ஆண்டுக்குச் சுமார் 2,550 யூனிட் பேட்டரி வழியாகப் போகும். 45 யூனிட்டில் அது 57 முழுச் சுற்று (முழுதாக ஏற்றி முழுதாக இறக்குவது ஒரு சுற்று), 60-இல் 43. பத்தாண்டில் 570-க்கும் 430-க்கும் என்ன பெரிய வித்தியாசம்? நிக்கல்-மாங்கனீசு-கோபால்ட் செல்லான என்எம்சி வகையே ஆயிரம் சுற்றுக்கு மேல் தாங்கும், இரும்பு-பாஸ்பேட் செல்லான எல்எஃப்பி அதைவிட அதிகம். இந்த ஓட்டத்துக்குப் பேட்டரியை மூப்படைய வைப்பது சுற்றுகளை விட வயதும் வெப்பமும்தான். முழுச் சார்ஜில் வெயிலில் நாள்கணக்கில் நிற்கும் என்எம்சி வண்டி, தினமும் ஓடும் வண்டியை விடச் சீக்கிரம் தேயும்.

இரண்டு வேரியன்டுக்கும் ஒரே வகை செல்லா என்றும் விசாரியுங்கள். சிறியது எல்எஃப்பி, பெரியது என்எம்சி என்று வரும் வண்டிகள் உண்டு. எல்எஃப்பி-யை 100 வரை ஏற்றி ஓட்டலாம். வாரம் ஒருமுறையாவது அப்படி ஏற்றச் சொல்வதே வழக்கம், ஏனென்றால் அதன் வோல்டேஜ் நடுவில் ஏறக்குறைய சமமாக இருப்பதால் மீதி எவ்வளவு என்று வண்டிக்கே சரியாகத் தெரியாமல் போகும். என்எம்சி-யை அன்றாடம் 80-இல் நிறுத்தச் சொல்வார்கள். அப்போது 45 எல்எஃப்பி-யில் அன்றாடம் கையில் 45, 60 என்எம்சி-யில் அன்றாடம் கையில் 48. ஊருக்குள் ஓட்டத்துக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே.

நீண்ட பயணம் ஆண்டுக்கு ஆறு என்றால் 45 போதும். பதினைந்து, இருபது என்றால் 60. அதுவும் போகும் வழியில் சார்ஜர் நம்பும்படி இல்லாவிட்டால்தான்.

---

வட்டிக்கடை பதில்:

கடனுக்கும் வாடகைக்கும் நான் வருகிறேன். முதலில் கடன். 9 சதவீதத்தில், ஒவ்வொரு 100 கடனுக்கும்:

36 மாதம்: தவணை 3.18, மொத்தம் கட்டுவது 114.5
60 மாதம்: தவணை 2.08, மொத்தம் 124.5
84 மாதம்: தவணை 1.61, மொத்தம் 135

84 மாதத்தில் தவணை இனிக்கும். ஆனால் 60 மாதத்தை விட 10.5 கூடுதல் வட்டி. உங்கள் 45 யூனிட் வண்டியில் 90 சதவீதக் கடன் என்றால் 16,200 லிட்டர் கடன், கூடுதல் வட்டி 1,700 லிட்டர். கணக்கன் காட்டிய இரண்டு ஆண்டு எரிபொருள் மிச்சம் அப்படியே வங்கிக்குப் போகிறது. மின்வண்டி கட்டுப்படியாகவில்லை என்று சொல்லும் பலரின் கையைக் கடிப்பது இந்தத் தவணைதான்.

வட்டியை விடப் பெரிய ஆபத்து மறுவிற்பனை. 84 மாதக் கடனில் மூன்றாண்டு கட்டிய பிறகும் அசலில் 65 சதவீதம் பாக்கி இருக்கும். 90 சதவீதக் கடன் என்பதால் அது வண்டி விலையில் 58 சதவீதம். அந்த நேரத்தில் வண்டி பாதி விலைக்குத்தான் போகும் என்றால், விற்றாலும் கையிலிருந்து போட்டுத்தான் கடனை மூட வேண்டும். விபத்தில் வண்டி முழுச் சேதமானாலும் இதே கதி, காப்பீடு அன்றைய மதிப்பைத்தான் கொடுக்கும், வங்கிப் பாக்கியை அல்ல. 20 சதவீதம் முன்பணம், 60 மாதம் என்று எடுத்தால் மூன்றாண்டு முடிவில் பாக்கி வண்டி விலையில் 36 சதவீதம். தப்பிக்கலாம்.

மின்வண்டிக்கு இந்தப் பயம் ஏன் அதிகம் என்றால், புது வண்டியின் விலையே இறங்கிக்கொண்டிருக்கிறது. புளூம்பெர்க்நெஃப் ஆய்வு நிறுவனம் ஆண்டுதோறும் எடுக்கும் கணக்கில் பேட்டரித் தொகுப்பின் உலகச் சராசரி 2010-இல் யூனிட்டுக்கு 1,000 டாலருக்கு மேல், 2024-இல் 115 டாலர். 2023 ஜனவரியில் டெஸ்லா அமெரிக்காவில் சில மாடல்களின் விலையை 20 சதவீதம் வரை குறைத்தது. அதற்கு முந்தைய மாதம் வாங்கியவரின் வண்டி மதிப்பும் அதோடு இறங்கியது. 2024 ஜனவரியில் ஹெர்ட்ஸ் வாடகை நிறுவனம் சுமார் 20,000 மின்வண்டிகளை விற்கப் போவதாக அறிவித்ததற்கு மதிப்புச் சரிவும் பழுதுச் செலவும்தான் காரணம். எனவே நான்கு ஆண்டில் வண்டி மாற்றும் பழக்கம் உள்ளவர் முதல் வண்டியாக மின்சார எஸ்யூவியைக் கடனில் எடுப்பது எனக்குப் பிடிக்காது. எட்டு, பத்து ஆண்டு வைத்திருப்பவருக்கு மறுவிற்பனை விலை பெரிய விஷயமில்லை.

இன்னொன்று, சராசரி பேட்டரி விலை இறங்கியதை வைத்து “பத்தாண்டு கழித்து மாற்று பேட்டரி மலிவாகக் கிடைக்கும்” என்று கணக்குப் போட வேண்டாம். அது தொழிற்சாலை வாங்கும் விலை. சர்வீஸ் சென்டரில் உதிரி பாகமாக விற்கும் விலை வேறு உலகம்.

இப்போது வாடகை. உங்கள் திட்டத்தில் விலை 30 குறைகிறது, அதாவது 4,500 லிட்டர். வாடகை 100 கி.மீ.க்கு 3.5 லிட்டர் என்று வைப்போம், நீங்கள் எண்ணைச் சொல்லவில்லை. குறைந்தபட்சம் மாதம் 1,500 என்பதால் ஆண்டுக்கு 18,000 கி.மீ.க்குக் கட்ட வேண்டும்: 630 லிட்டர். நீங்கள் ஓடுவது 15,000, ஆக நிஜ வாடகை 3.5 அல்ல, 4.2. ஆண்டு மிச்சம் 840-இல் 630 இப்படியே போய்விடும். மறுபக்கம், 4,500-ஐ 60 மாதக் கடனில் கட்டினால் வட்டியோடு 5,600. 630 வீதம் அதை எட்ட ஒன்பது ஆண்டு ஆகும். ஆகவே வாடகை கொள்ளை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. ஒன்பது ஆண்டுக்குப் பிறகும் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும், சொந்தப் பேட்டரிக்காரர் அப்போது சும்மா ஓட்டுவார், அவ்வளவுதான் வித்தியாசம். மாதம் 700, 800 கி.மீ. ஓடுபவர் மட்டும் இந்தப் பக்கமே வரக்கூடாது, அவருக்கு வாடகை இரட்டிப்பு.

இடிக்கும் இடம் ஒப்பந்தம். கையெழுத்துக்கு முன் இவற்றை எழுத்தில் வாங்குங்கள்: வாடகை ஆண்டுதோறும் ஏறுமா, எத்தனை சதவீதம். இடையில் பேட்டரியை விலைக்கு எடுத்துக்கொள்ள முடியுமா, அன்றைய விலையை எப்படிக் கணக்கிடுவார்கள். ஓடாத கிலோமீட்டர் அடுத்த மாதத்துக்குச் சேருமா. விபத்தில் பேட்டரி போனால் காப்பீட்டுப் பணம் யாருக்கு. வண்டியை விற்றால் புதியவர் அதே ஒப்பந்தத்தை ஏற்க வேண்டுமா. கடைசிக் கேள்வி சாதாரணமல்ல. ஐரோப்பாவில் ரெனோ ஜோயி வண்டியைப் பேட்டரி வாடகையில் வாங்கியவர்கள் விற்கப் போனபோது, வாடகையையும் சேர்த்து ஏற்க இரண்டாம் கை வாங்குபவர் தயங்கினார்கள். சீனத்தில் நியோ கம்பெனி 2020-இல் கொண்டுவந்த திட்டம் வேறு மாதிரி, அங்கே நிலையத்தில் பேட்டரியையே மாற்றிக்கொள்ளலாம், சின்னதிலிருந்து பெரியதற்கும் போகலாம். மாற்றும் வசதி இல்லாத வண்டியில் ‘வாடகை’ என்பது பெயர்மாற்றிய இரண்டாவது கடன் என்று வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

---

சுருள்கம்பி பதில்:

எல்லாரும் வண்டியையே பேசிட்டீங்க. தனி லைன் இன்னும் இழுக்கலைன்னு சொல்றாரே, அந்தச் செலவை விலையோட சேருங்க. வண்டிக்கு முன்னாடி அதை முடிங்க.

சாதாரண 10 ஆம்பியர் பிளக்கில போட்டா 2.3 கிலோவாட். சார்ஜ் ஆகும்போது வண்டியோட கம்ப்யூட்டர், பம்ப் எல்லாம் முழிச்சுக்கிட்டு 200, 300 வாட் இழுக்கும். 2.3 கிலோவாட்டில அதுவே பத்தில ஒரு பங்கு. 7.2 கிலோவாட் சார்ஜர்ல அதே 250 வாட் மூணரை சதவீதம்தான். ஆக மெதுவா போட்டா மிச்சம்னு நினைக்காதீங்க, மீட்டர் அதிகமாத்தான் ஓடும்.

230 வோல்ட், 32 ஆம்பியர் ஒரு ஃபேஸ் சார்ஜருக்கு: மீட்டர் போர்டுல இருந்து நேரா தனி லைன், நடுவுல ஜாயின்ட் கூடாது. 6 ஸ்கொயர் எம்எம் காப்பர். தூரம் 30 மீட்டர்னா அதுலயே 7 வோல்ட் இறங்கும், 3 சதவீதம். அதுக்கு மேல தூரம்னா 10 ஸ்கொயர் எம்எம் போடுங்க, அதே 30 மீட்டர்ல இறக்கம் 4 வோல்ட் சொச்சம்தான். பைப்புக்குள்ள நாலஞ்சு லைனோட சேர்த்து ஓட்டினாலும், வெயில் படுற மொட்டை மாடி வழியா போனாலும் ஒரு சைஸ் ஏத்திக்கணும். லோடு மீறினா அறுக்கிற எம்சிபி 40 ஆம்பியர். மின்கசிவு வந்தா அறுக்கிற ஆர்சிசிபி 30 மில்லிஆம்பியர், சார்ஜருக்குள்ளயே 6 மில்லிஆம்பியர் டிசி கசிவைப் பிடிக்கிற வசதி இருந்தா ‘ஏ’ வகை போதும், இல்லைன்னா ‘பி’ வகை. பழைய ‘ஏசி’ வகை ஆர்சிசிபி டிசி கசிவு வந்தா குருடாயிடும், அது வேண்டாம்.

கெட்டுப்போறது எங்கேன்னா, பத்துக்கு ஒன்பது தடவை ஸ்க்ரூ முனையிலதான். ராத்திரி முழுக்க 32 ஆம்பியர் விடாம ஓடும். கீசர் மாதிரி கால் மணி நேரத்துல நிக்காது. முனை கொஞ்சம் லூசா இருந்தாலும் சூடாகி, சூட்டுல இன்னும் லூசாகி, கடைசியில கருகும். முதல் வாரம் அரை மணி நேரம் சார்ஜ் ஓடின பிறகு எம்சிபி முகத்தைத் தொட்டுப் பாருங்க. கை வைக்க முடியலைன்னா மெயினை அணைச்சுட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. மூணு மாசம் கழிச்சு எல்லா முனையையும் ஒரு தடவை இறுக்கச் சொல்லுங்க. எர்த் சரியில்லைன்னா பல வண்டி சார்ஜே எடுக்காது, வண்டி மேல தப்பு சொல்லி அலைவாங்க. அனுமதிச்ச மின்பளு பத்தலைன்னா அதை ஏத்துறதுக்கும் கட்டணம் உண்டு. ராத்திரி கட்டணம் குறைவான இணைப்பு கிடைக்கிற இடம்னா அதை இப்பவே கேட்டு வாங்குங்க, கணக்கன் போட்ட 8 சதவீதம் இன்னும் இறங்கும்.

---

நெடுவழி:

மிக்க நன்றி. 45 யூனிட், 20 சதவீதம் முன்பணம், 60 மாதம் என்று மனம் சாய்கிறது. விற்பனையாளர் இரண்டு கூடுதல் தொகுப்பைத் தள்ளுகிறார்: 11 கிலோவாட் ஆன்போர்டு சார்ஜர் (வீட்டு மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்ற வண்டிக்குள்ளேயே இருப்பது), 20 அங்குலச் சக்கரம். அறிமுக விலை முதல் சில ஆயிரம் பேருக்கு மட்டும் என்று அவசரப்படுத்துகிறார். டெமோ வண்டி ஒன்றைக் குறைத்துத் தருவதாகவும் சொல்கிறார். கவனிக்க வேண்டியது என்ன?

---

மூன்றாம்கியர் பதில்:

11 கிலோவாட் வேண்டாம். அதற்கு மூன்று ஃபேஸ் இணைப்பு வேண்டும், உங்கள் ஓட்டத்துக்குப் பயனில்லை. 7.2-இல் இரவு எட்டு மணி நேரத்தில் பேட்டரிக்குள் 50 யூனிட்டுக்கு மேல் போகும், 45 நிறைந்தே விடும். 3.3 கிலோவாட்டில்கூட எட்டு மணி நேரத்தில் 22 யூனிட், ஊருக்குள் 130 கி.மீ.க்கு மேல்.

20 அங்குலம் கூடவே கூடாது. சக்கரம் பெரிதானால் ரேஞ்ச் சில சதவீதம் குறையும், டயர் விலை ஏறும், பக்கச்சுவர் குட்டையாவதால் பள்ளத்தில் ரிம் அடிபடும். இந்த வண்டிகள் பெட்ரோல் இரட்டையை விட 200 முதல் 500 கிலோ வரை கனம், தொட்டவுடன் இழுக்கும் டார்க்கும் சேர்ந்து டயரைச் சீக்கிரம் தின்னும். மாற்றும்போது பழைய டயரில் உள்ள சுமை எண்ணுக்குக் குறையாமல், கூடுதல் சுமை தாங்கும் எக்ஸ்எல் குறியோடு வாங்க வேண்டும். மலிவென்று சாதாரண டயர் போட்டால் கனம் தாங்காது. உள்ளே நுரை ஒட்டிய டயரோடு வந்தால் எல்லாக் கடையிலும் பஞ்சர் ஒட்டத் தயங்குவார்கள். 10,000 கி.மீ.க்கு ஒருமுறை இடம் மாற்றிப் போடுங்கள், இல்லையென்றால் இழுக்கும் அச்சில் உள்ள இரண்டும் முதலில் வழுக்கையாகும்.

சர்வீஸ் செலவு குறைவுதான், பூஜ்யம் அல்ல. கேபின் ஃபில்டர், இரண்டாண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயில், குறித்த இடைவெளியில் கூலன்ட். சிலவற்றில் மின்கடத்தாத தனி கூலன்ட், அதில் வேறு எதையும் ஊற்றக்கூடாது. 12 வோல்ட் சிறு பேட்டரி ஈயவகை என்றால் மூன்று முதல் ஐந்து ஆண்டில் போகும். பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் இது இறந்தால் கதவுகூடத் திறக்காது. சர்வீஸில் மிச்சமாவதைப் பெரும்பாலும் காப்பீடு விழுங்கும், அதனால்தான் கணக்கன் இரண்டையும் விட்டுவிட்டார் போலும். பாலிசியில் மூன்று சொற்றொடரைத் தேடுங்கள்: அடிப்புறம் கல்லில் மோதி பேட்டரிப் பெட்டி நசுங்கினால், தண்ணீர் புகுந்தால், வீட்டு சார்ஜரும் கேபிளும் களவு போனால். அடிப்புறச் சேதம் உத்தரவாதத்தில் வராது, காப்பீட்டில் வந்தால்தான் உண்டு.

அறிமுக விலைக்கு அவசரப்பட வேண்டாம். முன்பதிவுத் தாளில் “டெலிவரி நாளன்று உள்ள விலை பொருந்தும்” என்ற வரி இருந்தால் அறிமுக விலைக்கு எந்த உறுதியும் இல்லை. அந்த வரியை அடித்துக் கையெழுத்து வாங்குங்கள், அல்லது முன்பணம் முழுதாகத் திரும்பும் என்று எழுதி வாங்குங்கள். “பிறகு சாஃப்ட்வேர் அப்டேட்டில் வரும்” என்று சொல்லும் வசதிக்கு இன்று விலை கொடுக்காதீர்கள். செயலி, இணைய இணைப்பு எத்தனை ஆண்டு இலவசம் என்றும் கேளுங்கள். சிலவற்றில் தூரத்திலிருந்து சார்ஜ் நேரம் வைப்பதே சந்தாவுக்குள் போய்விடும்.

டெமோ வண்டி நல்ல வழிதான், விலை நன்றாக இறங்கினால். உத்தரவாதம் எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது, பதிவு ஏற்கெனவே கடை பெயரில் இருந்தால் உங்களுக்கு ‘முதல் உரிமையாளர்’ சலுகை உண்டா என்பது முதல் கேள்வி. ஆயுட்கால பேட்டரி உத்தரவாதம் தரும் கம்பெனிகள் அதை முதல் தனிநபர் உரிமையாளரோடு நிறுத்திக்கொள்வதும், வாடகைக்கு ஓட்டினால் ரத்து செய்வதும் உண்டு. பேட்டரி ஆரோக்கிய அறிக்கையைச் சர்வீஸ் சென்டர் கருவியில் எடுத்துத் தரச் சொல்லுங்கள், திரையில் காட்டும் ரேஞ்ச் எண் அதற்கு மாற்றல்ல, அது கடைசியாக ஓட்டியவரின் கால் பழக்கத்தைப் பொறுத்தது. ஷோரூமில் மாதக்கணக்கில் 100-இல் நின்ற வண்டியா, அடியோடு காலியாகி நின்ற வண்டியா என்று கேளுங்கள், இரண்டுமே கெடுதல். பிறகு டயர் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கம்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. நான்கு டயரிலும் ஒரே தேதி இல்லையென்றால் ஏன் மாற்றினார்கள் என்று கேட்டு, லிஃப்டில் ஏற்றி பேட்டரி மூடியின் அடியைப் பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம்.